குடல் புண்ணைப் பால் ஆற்றுமா, கிளறுமா?

உங்கள் தங்கைக்கு 27 வயது. போன மாதம் கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி நோய் என்று சொல்லியிருக்கிறார்கள், மாத்திரையும் ஆரம்பித்தாகிவிட்டது. மாமியார் தினமும் ராத்திரி ஒரு டம்ளர் பாலில் பெரிய கரண்டி நெய் விட்டு, ‘குடல் புண் ஆறிடும்’ என்று கொடுக்கிறார். குடித்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் தங்கைக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. யூடியூபில் ஒருவரோ பால்தான் குடல் அழற்சிக்கே மூலகாரணம், ஒரு சொட்டுகூடத் தொடக்கூடாது என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? இதுதான் உங்கள் கேள்வி. கூடவே ஏ1, ஏ2 பால் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. குடல் நோய்ப் பிரிவில் உணவு ஆலோசகராகப் பல வருடம் வேலை பார்த்தவள். வாரத்துக்கு ஒரு தடவையாவது இதே கேள்வி, இதே இரண்டு கட்சிகளோடு என் மேசைக்கு வந்துவிடும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பால் குடித்ததும் வயிறு என்ன சொல்கிறதோ அதை வைத்து, உள்ளே புண் ஆறுகிறதா வளர்கிறதா என்று முடிவு கட்ட முடியாது. இதமாக இருந்தாலும் முடியாது, கடமுடா என்று இரைந்தாலும் முடியாது. வயிறு இரண்டு பக்கமும் பொய் சொல்லும்.

மாமியார் பக்கத்திலிருந்து வருகிறேன். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள், ஒரு காலத்தில் பெரிய மருத்துவமனைகளே அதைத்தான் சொல்லின. சிகாகோவில் பெர்ட்ரம் சிப்பி என்ற மருத்துவர் 1915-இல் இரைப்பைப் புண்ணுக்கு ஒரு பத்தியம் வகுத்தார். மணிக்கொரு தடவை பாலும் கிரீமும், நடுநடுவே அமிலத்தை முறிக்கும் மருந்துப் பொடி. பல பத்தாண்டுகள் அதுதான் வைத்தியம். பால் உள்ளே போனதும் எரிச்சல் அடங்குவது உண்மைதான். பால் கொஞ்ச நேரம் அமிலத்தை மட்டுப்படுத்தும். ஆனால் அதே பாலில் இருக்கும் புரதமும் கால்சியமும் இரைப்பையைத் தட்டி எழுப்பி, மறுபடி அமிலத்தைச் சுரக்க வைக்கும். குடித்தவருக்கு அந்த இரண்டாவது பாதி தெரிவதில்லை. தெரிந்தாலும் ‘இன்னொரு டம்ளர் குடி’ என்பார்கள்.

இதை நேருக்கு நேர் சோதித்துப் பார்த்தவர்கள் டெல்லி மருத்துவர்கள். முன்சிறுகுடலில் புண் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் அமிலத்தைக் குறைக்கும் சிமெட்டிடின் மாத்திரை ஒன்றே. ஒரு பிரிவுக்கு வழக்கமான சாப்பாடு, இன்னொரு பிரிவுக்குப் பாலே சாப்பாடு. நாலு வாரம் கழித்து எண்டோஸ்கோபியில் பார்த்தபோது, வழக்கமான சாப்பாடு சாப்பிட்டவர்களில் 78 சதவீதம் பேருக்குப் புண் ஆறியிருந்தது. பால் குடித்தவர்களில் 53 சதவீதம் பேருக்குத்தான். 1986-இல் வெளியான முடிவு இது. அதற்கு நாலு வருடம் முன்பே ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இந்தப் புண்களோடு சேர்ந்திருக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியைப் பிரித்தெடுத்திருந்தார்கள் (2005-இல் நோபல் பரிசும் கிடைத்தது). கிருமிக்கு மருந்து கொடுத்தால் புண் போய்விடுகிறது, பாலுக்கு அங்கே வேலையே இல்லை என்று ஆயிற்று. ஆனால் பத்தியம் மருத்துவமனையை விட்டுப் போனாலும் வீட்டை விட்டுப் போகவில்லை.

நம் பேச்சிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. நெஞ்செரிச்சல், வாயுக்கோளாறு, இரைப்பைப் புண் எல்லாவற்றுக்கும் ‘அல்சர்’ என்றுதான் சொல்கிறோம். இப்போது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்று ஒரு பெயர் காதில் விழுந்தால், மாமியாருக்குப் பழைய அல்சர்தான் ஞாபகம் வரும். இது வேறு நோய். இடம் பெருங்குடல், மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும். காரணம் அமிலம் கிடையாது. உடம்பின் நோய் எதிர்ப்புப் படை குடலின் உள்தோலையே தாக்குகிறது. இரவில் குடிக்கும் பால் அங்கே பாலாகப் போய்ச் சேர்வதே இல்லை. சிறுகுடலிலேயே பிரிந்து, உடைந்து, பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடலை எட்டுவது மிச்சம்மீதிதான். அந்த மிச்சம்மீதி என்னென்ன என்று பார்த்தால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

முதல் ஆள் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. 250 மில்லி பாலில் ஏறக்குறைய 12 கிராம் இருக்கும். இதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி சிறுகுடலின் உள்தோலில் இருக்கிறது. குழந்தைப் பருவம் தாண்டியதும் அது குறைந்துபோவதுதான் மனித இனத்தில் பெரும்பாலோருக்கு இயல்பு. வட ஐரோப்பியர்களுக்கும், நம் நாட்டில் வடமேற்குப் பக்கத்தவர்களுக்கும் ஒரு மரபணு மாற்றத்தால் அது வயதான பிறகும் நீடிக்கிறது. தெற்கே வரவர அந்த மாற்றம் அரிது. ஆக, பெரியவர்களான தமிழர்களில் நிறையப் பேருக்கு லாக்டேஸ் குறைவு. அதை நோய் என்று சொல்லக்கூடாது.

உடையாத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போனால் இரண்டு வேலை நடக்கும். தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து ஹைட்ரஜன், கரியமில வாயு எல்லாம் கிளப்பும். உப்புசம், இரைச்சல், பேதி. உங்கள் தங்கைக்கு நடப்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் ஊகம். இதில் எங்கேயும் அழற்சி இல்லை. குடல்தோல் கிழிவதில்லை, எதிர்ப்பு அணுக்கள் திரள்வதில்லை. இட்லி மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தால் பாத்திரம் ஓட்டையாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? யூடியூப்காரர் சொல்வது அதைத்தான்.

ஆனாலும் ஒன்று. நோய் கிளர்ந்திருக்கும் நாட்களில் பெருங்குடல் ஏற்கெனவே புண்ணாகி, தண்ணீரை உறிஞ்ச முடியாமல், தொட்டால் சுருங்கியாக இருக்கும். சாதாரண நாளில் தெரியாத அதே 12 கிராம், அப்போது கழிப்பறைக்கு நாலு நடை கூடுதலாக நடக்க வைக்கும். அதனால்தான் நோய் கடுமையாக இருக்கும்போது பாலைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்கிறோம். புண் பெரிதாகிவிடும் என்ற பயத்தால் இல்லை, ஏற்கெனவே படும் அவஸ்தையோடு இதையும் எதற்குச் சேர்க்க வேண்டும் என்பதால். கிரோன் என்று இன்னொரு குடல் அழற்சி நோய் இருக்கிறது, அது சிறுகுடலைப் பிடித்திருந்தால் கதை வேறு. லாக்டேஸ் இருக்கும் தோலே புண்ணாவதால், அதுவரை பால் ஒத்துக்கொண்டவருக்கும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது ஆறினால் திரும்பவும் ஒத்துக்கொள்ளலாம்.

லாக்டேஸ் குறைந்தவர்கள்கூட ஒரு வேளைக்கு 12 கிராம்வரை பெரிய தொந்தரவு இல்லாமல் தாங்கிக்கொள்வார்கள் என்பது பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால். ஒரு டம்ளர் காபியில் 100 மில்லி பால் என்றால் 5 கிராம்தான். ‘எனக்குப் பாலே ஆகாது, ஆனா காபி மட்டும் குடிப்பேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள் தெரியாமலே சரியான அளவில் இருக்கிறார்கள்.

தயிர் இன்னும் சாமர்த்தியம். பால் தயிராகும்போது லாக்டோஸில் ஒரு பகுதியைப் பாக்டீரியா தின்றுவிடுகிறது. மிச்சத்தைச் செரிக்கும் நொதியையும் தன் உடம்புக்குள்ளேயே சுமந்துகொண்டு நம் சிறுகுடலுக்கு வருகிறது. அங்கே பித்தநீர் பட்டு அது உடையும்போது நொதி வெளியே வந்து லாக்டோஸை வெட்டுகிறது. யோகர்ட்டின் உயிருள்ள பாக்டீரியா லாக்டோஸ் செரிமானத்துக்கு உதவுகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2010-இல் ஏற்றுக்கொண்டது. அந்த ஆணையம் எதையும் லேசில் ஏற்றுக்கொள்ளாது. மோராக்கி மூன்று பங்கு தண்ணீர் ஊற்றினால் லாக்டோஸும் அந்தக் கணக்கில் இறங்கிவிடும். ஆனால் தயிர் செரிக்கிறது என்பதும் தயிர் கொலைட்டிஸைக் குணமாக்குகிறது என்பதும் வேறு வேறு. இரண்டாவதற்கு ஆதாரம் கிடையாது. தயிர்சாதத்தை மருந்தாக்காமல் சாப்பாடாகவே சாப்பிடலாம்.

இப்போது அந்த நெய்க்கு வருகிறேன். இதில் இரண்டு பக்கமும் அறிவியல் பேசுகிறது, இரண்டு பக்கமும் பாதியில் நிறுத்திவிடுகிறது.

நெய் ஆதரவாளர்களின் வாதம் இது: பெருங்குடல் தோலின் செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்டிரேட் என்ற சின்னக் கொழுப்பமிலம். அது அழற்சியையும் தணிக்கும். நெய்யில் பியூட்டிரேட் இருக்கிறது, ஆகவே நெய் குடலை ஆற்றும். முதல் இரண்டு வரியும் சரி. மூன்றாவதும் சரிதான், அந்த அமிலத்தின் பெயரே வெண்ணெயின் லத்தீன் பெயரிலிருந்து வந்தது. இடிப்பது கடைசி ‘ஆகவே’தான். பால் கொழுப்பில் பியூட்டிரிக் அமிலம் எடையில் 3, 4 சதவீதம். 15 கிராம் நெய்யில் அரை கிராம் தேறும். அந்த அரை கிராமும் மேல்குடலிலேயே சட்டென்று உறிஞ்சப்பட்டு ஈரலுக்குப் போய்விடும். தங்கையின் புண் இருக்கும் இடம் அங்கிருந்து பல மீட்டர் கீழே. பெருங்குடலுக்கு வேண்டிய பியூட்டிரேட்டை அங்கேயே குடியிருக்கும் பாக்டீரியாக்கள்தான் காய்ச்சுகின்றன, மூலப்பொருள் நார்ச்சத்தும் செரிக்காத மாவுச்சத்தும். சோறு ஆறிக் கிடக்கும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காத வகையாக மாறும். அந்தக் கணக்கில் பழைய சோறு, நெய்யைவிட நேர்வழியாகப் பெருங்குடலுக்கு பியூட்டிரேட் அனுப்பும். இதை நான் சொன்னால் மாமியார்களுக்குச் சந்தோஷம், மருமகள்களுக்குத்தான் முகம் சுண்டிப்போகும்.

எதிர்த்தரப்பு காட்டுவது எலி ஆய்வு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் சாங் குழு 2012-இல் வெளியிட்டது, நல்ல ஆய்வு. பால் கொழுப்பு அதிகமான தீனி கொடுத்த எலிகளில் பித்தநீரின் தன்மை மாறியது. டாரின் என்ற கந்தகம் கலந்த பொருளோடு கூடிய பித்த அமிலம் கூடியது. கந்தகத்தை விரும்பித் தின்னும் பைலோஃபிலா வாட்ஸ்வொர்த்தியா என்ற பாக்டீரியா அதனால் பெருகியது. பெருங்குடல் அழற்சியும் கூடியது. பன்றிக் கொழுப்போ குசும்பா எண்ணெயோ கொடுத்தபோது அந்தப் பாக்டீரியா அப்படிப் பெருகவில்லை. கேட்டதும் நெய் டப்பாவைத் தூக்கி எறியத் தோன்றும். ஆனால் அழற்சி கூடியது, அழற்சியை அடக்கும் ஐஎல்-10 என்ற புரதமே இல்லாமல் மரபணுவை மாற்றிப் பிறக்கவைத்த எலிகளில். இயல்பான எலிகளில் பாக்டீரியா பெருகியும் அழற்சி அப்படி வரவில்லை. தீனியிலும் மொத்தக் கலோரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. ஒரு டம்ளர் டோன்டு பாலை வைத்து யாரும் இந்தச் சோதனையைச் செய்யவில்லை.

என்றாலும் இந்த ஆய்வை நான் ஒதுக்குவதில்லை. கொலைட்டிஸ் வந்தவர், ஏறக்குறைய அந்த எலியைப் போல, அழற்சிக்கு ஏற்கெனவே சாய்ந்திருக்கும் உடம்புக்காரர். அதனால் பாலை நிறுத்தச் சொல்லமாட்டேன், பால் கொழுப்பைக் குறைக்கச் சொல்வேன். அழற்சி நோய்களுக்கான சர்வதேச நிபுணர் குழு 2020-இல் கொடுத்த வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதே தொனியில்தான் இருக்கிறது. காய்ச்சிப் பதப்படுத்திய பாலை எல்லோருக்கும் தடைசெய்ய ஆதாரம் இல்லை, பால் கொழுப்பைக் குறைப்பது நல்லது. நடைமுறையில் என்ன அர்த்தம்? டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஸ்டாண்டர்டைஸ்டு பாலில் 4.5, ஃபுல் கிரீமில் 6. ஆவின் என்றால் டோன்டு பால் நீலப் பாக்கெட். 200 மில்லி நீலப் பாக்கெட் பாலில் 6 கிராம் கொழுப்பு. அதில் ஒரு பெரிய கரண்டி நெய் விழுந்தால் 20 கிராமைத் தொடும். இரவு படுக்கப் போகும் நேரத்தில், கிளர்ந்திருக்கும் குடலுக்கு இது தேவையே இல்லை. சாப்பாட்டில் அரை டீஸ்பூன் நெய் விட்டுக்கொள்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

கொழுப்பிலேயே இன்னொரு சங்கதி எனக்குப் பிடிக்கும். பாலில் கொழுப்பு சின்னச் சின்னத் துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளியையும் ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கிறது. குடல்தோலுக்கு நல்லது செய்யக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் ஆர்வமாகப் பார்ப்பது அந்தச் சவ்வில் இருக்கும் பாஸ்போலிப்பிடு என்ற கொழுப்பு வகைகளையும் புரதங்களையும்தான். தயிரை மத்தால் கடையும்போது சவ்வு கிழிந்து, கொழுப்பு ஒன்றுசேர்ந்து வெண்ணெயாகத் திரளும். சவ்வு பெரும்பாலும் எங்கே போகும்? மோருக்கு. வெண்ணெயை உருக்கி நெய்யாக்கும்போது கொஞ்சநஞ்சம் ஒட்டியிருந்ததும் கசண்டாகப் பிரிந்துவிடும். விலை கொடுத்து வாங்குவது நெய்யை, இலவசமாகக் கொடுத்தது மோரை! ஆனால் மனிதர்களின் கொலைட்டிஸை இந்தச் சவ்வு ஆற்றும் என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

அடுத்து புரதம். ‘பால் புரதம் குடலை வீங்கவைக்கும்’ என்பவர்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. கிரோன் நோய் வந்த பிள்ளைகளுக்கு முதல் வைத்தியமாக என்ன கொடுக்கிறார்கள் தெரியுமா? ஆறு முதல் எட்டு வாரம் வேறு எந்தச் சாப்பாடும் இல்லாமல், திரவ ஊட்ட உணவு மட்டும். ஐரோப்பிய வழிகாட்டுதலில் ஸ்டீராய்டுக்கு முன்னால் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 80 சதவீதம் பிள்ளைகளுக்கு நோய் அடங்குகிறது. ரோமில் 2006-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, பத்து வாரத்தில் குடல்தோலே ஆறியிருந்தவர்கள் திரவ உணவில் 74 சதவீதம், ஸ்டீராய்டில் 33 சதவீதம். அந்தத் திரவ உணவுகளில் பலவற்றின் புரதம் எங்கிருந்து வருகிறது? பசும்பாலிலிருந்து. கேசினும் வேயும்தான். கேசின் என்பது பால் திரிந்தால் கட்டியாகப் பிரிவது, வே என்பது அந்தத் தெளிந்த தண்ணீரில் நிற்பது.

இதைக் கேட்டுவிட்டு ‘அப்போ பால் புரதம்தான் மருந்து’ என்று அடுத்த பக்கத்துக்குத் தாவ வேண்டாம். சில நிறுவனங்கள் அப்படித்தான் விற்கின்றன. பாலில் இயற்கையாக டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் இருக்கிறது, அழற்சியைத் தணித்துத் தோலை ஆற்றும் சமிக்ஞை அது, அதைக் காப்பாற்றித் தயாரித்தது எங்கள் மாவு என்பார்கள். காகிதத்தில் அழகான வாதம். ஆனால் பால் புரதமே இல்லாமல், வெறும் அமினோ அமிலங்களால் (புரதம் உடைந்தால் வரும் சின்னத் துண்டுகள்) செய்த திரவ உணவும் ஏறக்குறைய அதே அளவுக்குப் பலன் கொடுக்கிறது. ஆகவே பலன், கொடுத்த புரதத்தால் என்பதைவிட, அந்த வாரங்களில் சாப்பிடாமல் விட்ட மற்ற உணவுகளால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பால் புரதம் நோயைக் கிளறவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 2019-இல் இஸ்ரேலியக் குழந்தை மருத்துவர் ஏரி லெவின் குழு, பிள்ளைகள் நிஜச் சாப்பாடும் சாப்பிடட்டும் என்று ஒரு கிரோன் விலக்கு உணவுமுறையைச் சோதித்தது. அதில் கோழி, முட்டை, சாதம், வாழைப்பழம் உண்டு. கோதுமை, பொட்டல உணவு, பால் பொருள் எல்லாம் விலக்கு. கூடவே பாதிக் கலோரி பால் புரதத் திரவ உணவிலிருந்து! பால் வேண்டாம் என்ற கையும் பாலைக் கொடுத்த கையும் ஒரே கை. அந்த முறையும் பலித்தது.

இது கிரோனுக்கு. தங்கைக்கு இருப்பது கொலைட்டிஸ், அதில் திரவ உணவு முதன்மை வைத்தியம் கிடையாது. கடுமையாகி மருத்துவமனையில் சேர்த்தவர்களுக்கு ஸ்டீராய்டோடு துணையாகக் கொடுத்து டெல்லி எய்ம்ஸில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது, நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அது மருத்துவமனைக்குள் நடக்கும் காரியம், புரத மாவு டப்பா வாங்கி வீட்டில் செய்து பார்ப்பதற்கில்லை.

சீம்பால் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘கொலஸ்ட்ரம் கேப்ஸ்யூல்’ என்று அடுத்து யாராவது வாங்கிவருவார்கள். கன்று போட்ட முதல் நாட்களில் வரும் சீம்பாலில் எதிர்ப்புப் புரதங்களும் வளர்ச்சிக் காரணிகளும் லாக்டோஃபெரின் என்ற பால் புரதமும் குவிந்திருக்கும். இங்கிலாந்தில் வலி மாத்திரையால் குடல் கசிவு கூடுவதைச் சீம்பால் தடுக்கிறது என்று தன்னார்வலர்கள் சிலரிடம் காட்டினார்கள். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் அழற்சி இருந்தவர்களுக்கு எனிமாவாகக் கொடுத்தும் பார்த்தார்கள். மொத்தம் பதினான்கே பேர். நல்ல அறிகுறி தெரிந்தது, இருபது வருடத்துக்கு மேலாகியும் பெரிய ஆய்வாக அது வளரவில்லை. நம் ஊரில் சீம்பாலை வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வேகவைப்போம். கட்டியாவதே அந்தப் புரதங்கள் வெந்து உருக்குலைவதால்தான். ருசிக்கு நான் உத்தரவாதம், மருந்துக் குணத்துக்கு இல்லை. லாக்டோஃபெரின் மேலும் பெரிய நம்பிக்கை இருந்தது. இங்கிலாந்தில் குறைமாதக் குழந்தைகள் இரண்டாயிரம் பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்து, தொற்று குறையவில்லை என்று 2019-இல் வெளியிட்டார்கள். சோதனைக்குழாயில் பிரமாதமாக வேலை செய்யும் பால் புரதங்களுக்கு இப்படி ஆவது அடிக்கடி நடப்பதுதான்.

பால் புரதமே குடலை நிஜமாக அழற்சிக்குள்ளாக்கும் இடமும் ஒன்று உண்டு: கைக்குழந்தைகள். சில குழந்தைகளுக்குப் பசும்பால் புரத ஒவ்வாமையால் மலத்தில் ரத்தக்கீற்று தெரியும். தாய் குடித்த பாலின் புரதம் தாய்ப்பால் வழியாகப் போயும் வரலாம். அதற்குக் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஒரு வயதுக்குள் சரியாகிவிடும். 27 வயதுக் கொலைட்டிஸுக்கு இதை நீட்டக்கூடாது.

ஏ1, ஏ2 பால் என்று கேட்டிருந்தீர்கள். பாலின் கேசின் புரதத்தில் ஒரு வகை பீட்டா கேசின். அதில் 67-ஆவது இடத்தில் இருக்கும் ஒரு அமினோ அமில வித்தியாசம்தான் ஏ1, ஏ2. ஏ1 செரிக்கும்போது வரும் ஒரு துண்டு குடல் அசைவை மந்தமாக்கும் என்பது வாதம். சிலருக்கு ஏ2 குடித்தால் வயிறு லேசாக இருக்கிறது என்று காட்டிய சில ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்தது ஏ2 பால் விற்கும் நிறுவனம். கொலைட்டிஸ் ஆறுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எருமைப்பாலும் ஏ2தான், நம் நாட்டு மாடுகளில் பெரும்பாலானவையும் ஏ2தான். இரட்டை விலை கொடுக்க வேண்டாம்.

பச்சைப் பாலுக்கு மட்டும் என்னிடம் சமரசமே கிடையாது. ‘காய்ச்சினா சத்து போயிடும், கறந்த சூட்டோட குடி’ என்று இப்போது மறுபடி ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. தங்கைக்கு நாளை அசத்தியோபிரினோ ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாபோ கொடுக்க நேரலாம். எல்லாமே எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகள். அந்த உடம்புக்குள் புரூசெல்லா, லிஸ்டீரியா, சால்மோனெல்லா, மாட்டுக் காசநோய்க் கிருமி எதுவும் போகக்கூடாது. நம் நாட்டில் குடல் காசநோயையும் கிரோன் நோயையும் பிரித்தறிவதே மருத்துவர்களுக்குத் தலைவலி. பொங்கக் காய்ச்சுங்கள்.

அப்புறம், பால் பொருள் என்ற பெயரில் விற்பதெல்லாம் பால் இல்லை. ஐஸ்கிரீமிலும் டப்பாவில் வரும் சுவையூட்டிய பாலிலும் கெட்டித்தன்மைக்காகக் கேராஜீனன், சிஎம்சி, பாலிசார்பேட் 80 போன்றவை சேர்ப்பார்கள். லேபிளில் 407, 466, 433 என்று எண்ணாக மட்டும் இருக்கும். எலிகளில் சிஎம்சியும் பாலிசார்பேட்டும் குடலின் சளிப்படலத்தை மெலிதாக்கி அழற்சியை வளர்த்ததை 2015-இல் காட்டினார்கள். ‘ஐஸ்கிரீம் சாப்பிட்டேன், வயிறு கெட்டுப்போச்சு, எனக்குப் பால் ஆகாது’ என்று ஒருவர் சொன்னால், லாக்டோஸா, கொழுப்பா, சர்க்கரையா, இந்த எண்களா என்று பிரிக்கவே முடியாது. அதனால் சோதித்துப் பார்ப்பதாக இருந்தால் வெறும் பாலை வைத்துச் சோதியுங்கள்.

பாலை நிறுத்திப் பார்ப்பதில் பயனே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் சிட்னி ட்ரூலவ் என்ற மருத்துவர் 1960-களிலேயே கொலைட்டிஸ்காரர்களுக்குப் பாலில்லா உணவு கொடுத்து, ஒப்பீட்டுக் குழுவும் வைத்துப் பார்த்தார். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குப் பலன் இருந்தது. அப்படியானால் நாலு பேருக்கு இல்லை. தங்கை அந்த ஐந்தில் எந்த ஆள் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆனால் சும்மா நிறுத்திவிட்டால் அதற்கு விலை உண்டு. ஸ்டீராய்டு எலும்பைக் கரைக்கும், அழற்சியும் கரைக்கும். 100 மில்லி பாலில் 120 மில்லிகிராம் கால்சியம். அதை எடுத்துவிட்டால் கேழ்வரகு, கீரை, எள், முள்ளோடு தின்னும் நெத்திலி என்று வேறு வழியில் ஈடுகட்ட வேண்டும். குடல் கிளர்ந்திருக்கும்போது அவற்றில் சிலது ஒத்துக்கொள்ளாது. யூடியூப்காரர் இதை யோசித்திருக்கமாட்டார்.

நான் செய்யச் சொல்வது இதுதான். இப்போது ரத்தமும் பேதியும் இருந்தால் இரண்டு வாரம் பாலை விட்டுவிடட்டும், நீர்மோர் இருக்கட்டும். மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது. கொலைட்டிஸை அடக்குவது அந்த மருந்து, பாலை நிறுத்துவதோ குடிப்பதோ இல்லை. நோய் அடங்கியதும் காலையில் 100 மில்லி நீலப் பாக்கெட் பால், சாப்பாட்டோடு, மூன்று நாள். அப்புறம் 200. உப்புசம் மட்டும் வந்தால் அது லாக்டோஸ், அளவைக் குறைத்தால் போதும், அல்லது லாக்டோஸ் நீக்கிய பால் வாங்கலாம். ரத்தம் வந்தாலோ, இரவில் தூக்கம் கலைந்து ஓட வேண்டியிருந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ பாலைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் போங்கள்.

வயிறு சொல்வதை நம்ப முடியாது என்றேனே, நம்பக்கூடிய ஒரு சாட்சி இருக்கிறது. மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற பரிசோதனை. அழற்சி இருந்தால் வெள்ளணுக்கள் குடலுக்குள் கொட்டும் புரதம் அது. கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி, 250-ஐத் தாண்டினால் உள்ளே நெருப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வயிறு உப்பியும் எண் ஏறவில்லை என்றால் குற்றவாளி லாக்டோஸ். வயிறு இதமாக இருந்தும் எண் ஏறினால், மாமியாரின் பால் எவ்வளவு சுகமாக இருந்தாலும் மருந்தைக் கூட்டவேண்டிய நேரம்.

மாமியாரிடம் நெய் கெட்டது என்று போய் நிற்காதீர்கள், அது வேறு சண்டையில் முடியும். ‘ராத்திரி வேண்டாம்னு டயட்டீஷியன் சொன்னாங்க, மத்தியானம் உங்க கையால மோர் கரைச்சுக் குடுங்க’ என்று தங்கையைச் சொல்லச் சொல்லுங்கள். கால்ப்ரொடெக்டின் ஏற்கெனவே எடுத்திருந்தால் அந்த எண்ணையும், கொலோனோஸ்கோபி அறிக்கையில் எந்த இடம்வரை புண் என்று போட்டிருக்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள். சாப்பாட்டைப் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.